கழிப்பறைக்குக் காசு வாங்க மாட்டார்கள். உங்கள் தாமதத்துக்கு வாங்குவார்கள்

கேள்வி: நாங்கள் நான்கு பேர் கொண்ட குடும்பம். விடுமுறைக்கு ஒரு மலிவுக் கட்டண விமானத்தில் டிக்கெட் போட்டோம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் கேட்டில் எங்கள் பை ஒன்றை அளவுச் சட்டத்துக்குள் வைத்துக் காட்டச் சொன்னார்கள். சக்கரம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்த ஒரு பைக்குக் கட்டிய பணம் ஒருவருடைய டிக்கெட்டைவிட அதிகம். உள்ளே போனால் நான்கு பேருக்கும் நான்கு வரிசையில் சீட். ஆறு வயது மகள் பாதி வழி அழுதுகொண்டே வந்தாள். இப்போது கழிப்பறைக்குக் காசு, நின்றுகொண்டே பயணம், எடை பார்த்து டிக்கெட் என்றெல்லாம் செய்தி வருகிறது. உண்மையா? கேட்டில் கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? அடுத்த முறை அம்மாவும் வருகிறார், அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும். அதற்கும் காசு கேட்பார்களா? பேசாமல் இந்த மலிவு விமானங்களையே விட்டுவிடலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

பயமுறுத்தும் செய்திகளை முதலில் முடித்துவிடுவோம், அவைதான் சுலபம். கழிப்பறைக்குக் காசு வரப்போவதில்லை. நின்றுகொண்டு பறப்பதும் இப்போதைக்கு இல்லை. ஒரு விமான நிறுவனத்தின் கட்டணப் பிரிவில் நெடுநாள் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், தலைப்புச் செய்தியாகிற யோசனைகளால் உங்கள் பர்ஸுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. யாரும் செய்தியாகப் போடாத கட்டணங்கள்தான் கடிக்கும். அதிலும் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்பதைவிட எப்போது கட்டுகிறீர்கள் என்பதுதான் பெரிய விஷயம்.

கழிப்பறைக் கதை 2009 பிப்ரவரியில் தொடங்கியது. அயர்லாந்தின் ரையன்ஏர் நிறுவனத் தலைவர் மைக்கேல் ஓலியரி ஒரு பிபிசி பேட்டியில், கழிப்பறைக் கதவில் காசு போடும் துவாரம் வைக்கலாமா என்று யோசித்துவருவதாகச் சொன்னார். ஒரு பவுண்டு போட்டால்தான் கதவு திறக்கும். உலகம் முழுக்கப் பத்திரிகைகள் கொதித்தன. ஒரு விளம்பரத்துக்கும் செலவு செய்யாமல் "ரையன்ஏர் என்றால் அடிமாட்டு விலை" என்ற எண்ணம் எல்லோர் மனதிலும் பதிந்தது. அந்தக் கட்டணம் வரவே இல்லை. அது இலவச விளம்பரமாக வாரி வழங்கிக்கொண்டே இருக்கிறது என்று பின்னாளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

அதற்கடுத்து வந்தது, விமானத்தின் மூன்று கழிப்பறைகளில் இரண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஆறு சீட் போடும் யோசனை. கேட்கக் கணக்கு சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு விமானத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்பதைக் காலியிடம் முடிவு செய்வதில்லை, கதவுகள் முடிவு செய்கின்றன. பாதிக் கதவுகள் மட்டுமே திறந்தாலும் 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடியும் என்று விமானத்தைத் தயாரிப்பவர் நிரூபித்தாக வேண்டும். ரையன்ஏர் ஓட்டிய போயிங் 737-800க்கு அந்த உச்சவரம்பு 189 பேர். அவர்கள் ஏற்கெனவே வைத்திருந்த சீட்டுகளும் 189. அப்புறம் ஆறு சீட்டை எங்கே போடுவது? பிறகு அதே குடும்பத்தின் புதிய ரகத்தில் 197 சீட் வேண்டும் என்றபோது, போயிங் நிறுவனம் உடலில் கூடுதலாக ஒரு ஜோடிக் கதவு வைத்தே அந்த விமானத்தைக் கட்டித்தர வேண்டியிருந்தது.

நின்றுகொண்டு பறக்கும் கதையும் இதே கதவில்தான் முட்டி நிற்கிறது. சீனாவின் ஸ்பிரிங் ஏர்லைன்ஸ் 2009இல் இந்த யோசனையைப் பேசியது. அடுத்த ஆண்டு ஓலியரி பேசினார். அதே ஆண்டு ஏவியோஇன்டீரியர்ஸ் என்ற இத்தாலிய நிறுவனம் குதிரைச் சேணம் போன்ற ஒரு இருக்கையைக் கண்காட்சியில் வைத்தது. ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் 23 அங்குலம்தான் இடைவெளி. 2018இல் அதைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கொண்டுவந்தார்கள். சில வருடத்துக்கு ஒருமுறை அந்தப் பழைய படம் வாட்ஸ்அப்பில் சுற்றி, "அடுத்த வருடம் முதல் நின்றுகொண்டு பயணம்" என்று செய்தியாகிவிடும். எந்த விமான நிறுவனமும் அதை வாங்கிப் பொருத்தவில்லை. உட்கார்ந்த நிலையிலேயே கதவு வரம்பை எட்டிவிட்ட விமானத்தில் மக்களை நிற்க வைத்து என்ன லாபம்?

குறுந்தூர விமானத்துக்கு ஒரு பைலட் போதும் என்று 2010இல் சொன்னதையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாம். இரண்டாவது பைலட்டுக்குப் பதிலாக ஒரு பணிப்பெண்ணுக்கு விமானத்தை இறக்கக் கற்றுக்கொடுக்கலாமாம்.

எடை பார்த்து டிக்கெட் என்பது மட்டும் நிஜமாகவே நடந்தது. 2013இல் சமோவா ஏர் என்ற சிறு நிறுவனம் பயணியையும் பையையும் சேர்த்துக் கிலோ கணக்கில் கட்டணம் வாங்கியது. அவர்கள் ஓட்டியது பத்துப் பேருக்குள் ஏறும் குட்டி விமானங்கள். அதில் ஒருவர் எந்தப் பக்கம் உட்காருகிறார் என்பதே விமானிக்கு முக்கியம். எனக்கு அந்தக் கட்டணம் கொடுமையாகவே தோன்றவில்லை, நேர்மையான கணக்காகத்தான் பட்டது. ஆனால் 180 பேர் ஏறும் விமானத்தில் எல்லோர் எடையும் சேர்ந்து சராசரிக்கு வந்துவிடும். ஒவ்வொருவரையும் தராசில் ஏற்ற ஆகும் நேரச் செலவு அதில் மிச்சமாவதைவிட அதிகம். எங்காவது விமான நிலையத்தில் தராசு வைத்துப் பயணிகளை எடை பார்த்தால் பெரும்பாலும் அந்தச் சராசரியைத் திருத்துவதற்காகத்தான். 2024இல் பின்லாந்தின் ஃபின்ஏர் அப்படிச் செய்தது. விருப்பப்பட்டவர்கள் மட்டும் ஏறினார்கள், யாரிடமும் காசு வாங்கவில்லை.

நிஜமான சிக்கனம் சத்தமில்லாமல் நடக்கும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டால் சாலட்டிலிருந்து ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டு வருடத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்தார் என்பது துறையில் சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. அதைவிட எனக்குப் பிடித்தது யுனைடெட் ஏர்லைன்ஸ் செய்தது. 2018இல் விமானத்துக்குள் வைக்கும் பத்திரிகையின் தாளை மெல்லிசாக்கி, ஒரு பிரதிக்கு ஒரு அவுன்ஸ், அதாவது சுமார் 28 கிராம் குறைத்தார்கள். அதில் வருடத்துக்கு 1,70,000 கேலன் எரிபொருளும் 2,90,000 டாலரும் மிச்சமாகும் என்று கணக்குச் சொன்னார்கள். ரையன்ஏர் சீட்டின் முதுகில் பொருள் செருகும் பை கிடையாது, சீட் பின்னால் சாயாது, பாதுகாப்புக் குறிப்பு முன்சீட்டின் முதுகிலேயே ஒட்டியிருக்கும். பையில்லாத சீட்டில் குப்பை சேராது. குப்பை சேராவிட்டால் சுத்தம் செய்யும் நேரம் குறையும். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம் என்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படைப் பாடம்.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் நிறுவனம். 1972இல் கையில் காசில்லாமல், இருந்த நான்கு விமானங்களில் ஒன்றை விற்க வேண்டி வந்தது. நான்கு விமானத்தின் கால அட்டவணையை மூன்றைக்கொண்டே ஓட்ட முடிவு செய்தார்கள். அதற்கு ஒரே வழி, இறங்கிய விமானம் பத்து நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும். பின்னால் வந்த மலிவு நிறுவனங்கள் எல்லாமே அந்தப் பத்து நிமிடத்தின் வாரிசுகள்தான்.

சில நேரம் சீட்டைக் கழற்றினால்கூட லாபம். 2022 கோடையில் பணியாளர் தட்டுப்பாட்டில் தவித்த பிரிட்டனின் ஈஸிஜெட் நிறுவனம், தன் ஏர்பஸ் ஏ319 விமானங்களில் கடைசி வரிசையைக் கழற்றி, 156 சீட்டை 150 ஆக்கியது. 50 சீட்டுக்கு ஒரு பணியாளர் என்பது விதி. 156க்கு நான்கு பேர் வேண்டும், 150க்கு மூன்று பேர் போதும். இதைப் படித்தபோது மனதுக்குள் கைதட்டினேன்.

சரி, உங்கள் பைக்கு வருவோம்.

ஒரு காலத்தில் டிக்கெட் விலைக்குள்ளேயே பை, சாப்பாடு, சீட் எல்லாம் அடக்கம். 2006இல் ரையன்ஏர் சரக்குப் பகுதிக்குப் போகும் பைக்குத் தனிக் கட்டணம் வைத்தது. பை இல்லாமல் போகிறவர் பை கொண்டுவருகிறவருக்காக ஏன் பணம் கட்ட வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. 2008இல் எரிபொருள் விலை எகிறியபோது, அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பைக்கே 15 டாலர் என்றது. பிறகு எரிபொருள் விலை இறங்கியது, கட்டணம் இறங்கவில்லை. 2010இல் ஸ்பிரிட் ஏர்லைன்ஸ் கையில் எடுத்துப்போகும் பைக்கும் கட்டணம் போட்டது. இத்தனை காலம் தாக்குப்பிடித்த சவுத்வெஸ்ட்கூட "பை இலவசம்" என்ற தன் பெருமையை 2025 மே மாதத்தோடு முடித்துக்கொண்டது.

ஏன் எல்லோரும் ஒரே பாதையில் போகிறார்கள்? இணையத்தில் டிக்கெட் தேடும்போது நீங்களும் நானும் விலையைக் குறைவிலிருந்து வரிசைப்படுத்துகிறோம். அந்தப் பட்டியலில் முதலில் நிற்க வேண்டுமானால் அடிப்படை விலையிலிருந்து கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்ற வேண்டும். ஆக, இந்தக் கட்டணங்களை வளர்த்ததில் நம் தேடும் பழக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் இன்னொரு காரணமும் இருக்கிறது. அங்கே உள்நாட்டு டிக்கெட் விலைக்கு 7.5 சதவீத வரி உண்டு, பைக் கட்டணத்துக்கு அந்த வரி கிடையாது. நூறு டாலரை டிக்கெட்டாக வாங்குவதைவிடப் பாதியைப் பைக் கட்டணமாக வாங்கினால் நிறுவனத்துக்கு மிச்சம்.

2025 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் ரையன்ஏர் 20 கோடிப் பயணிகளை ஏற்றியது. மொத்த வருவாய் 1,395 கோடி யூரோ, அதில் 472 கோடி யூரோ டிக்கெட் அல்லாத வரவு. மூன்றில் ஒரு பங்கு. தலைக்குக் கணக்குப் பார்த்தால் டிக்கெட்டுக்கு சுமார் 46 யூரோ, மற்றவற்றுக்கு 23 யூரோவுக்குக் கொஞ்சம் மேல். இது சராசரி என்பதை மறந்துவிடாதீர்கள். ஒன்றுமே வாங்காமல் ஏறிப்போகிறவர் எத்தனையோ பேர். அவர்கள் கட்டாததையும் சேர்த்துக் கட்டுகிறவர், விவரம் தெரியாமல் கேட்டுக்கு வந்து நிற்பவர்.

உங்கள் கேள்விக்கு மையமான இடம் இதுதான். ஒரே பைக்குப் பல விலை உண்டு. டிக்கெட் போடும்போது ஒரு விலை, பிறகு சேர்த்தால் அதைவிட அதிகம், விமான நிலைய கவுன்டரில் இன்னும் அதிகம், கேட்டில் உச்சம். ஸ்பிரிட் 2010இல் தொடங்கியபோதே முன்கூட்டிக் கட்டினால் 30 டாலர், கேட்டில் 45. இரண்டு வருடத்தில் கேட் விலையை 100 டாலர் ஆக்கிவிட்டது. பையைத் தூக்கிப்போட ஆகும் செலவு இப்படியா ஏறும்? ஏறாது. கேட்டில் ஒரு பையைப் பிடித்து, காசு வாங்கி, அடையாளச் சீட்டு ஒட்டி, கீழே அனுப்பும்போது விமானம் கிளம்ப நேரமாகும் என்பது உண்மைதான், அதற்கு ஒரு செலவு உண்டு. அதைத் தாண்டி இருப்பது தண்டனை விலை. வீட்டிலேயே முடிவு செய்துவிட்டு வா என்று உங்களைப் பழக்குவதற்கான விலை. முதலில் பழக்குவதற்காகத்தான் வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். பிறகு அதுவே நல்ல வருமானமானபோது யாருக்கும் அதை விட மனம் வரவில்லை.

கேட்டில் நிற்பவர் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார் என்று யோசித்திருப்பீர்கள். 2024 நவம்பரில் அமெரிக்க செனட்டின் விசாரணைத் துணைக்குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. அமெரிக்க மலிவு நிறுவனங்களான ஃபிரான்டியர், ஸ்பிரிட் இரண்டும் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பையைப் பிடிக்கும் கேட் ஊழியர்களுக்கும் மற்றவர்களுக்கும் 2.6 கோடி டாலர் ஊக்கத்தொகை கொடுத்தது அதில் வெளிவந்தது. ரையன்ஏர் 2025 நவம்பரிலிருந்து, அளவு மீறிய ஒரு பைக்கு ஊழியருக்குத் தரும் தொகையை 1.50 யூரோவிலிருந்து 2.50 ஆக்கியது, மாதத்துக்கு இவ்வளவுதான் என்றிருந்த வரம்பையும் எடுத்துவிட்டது. ஆகவே அங்கே நிற்கும் பெண்ணிடம் கெஞ்சிப் பயனில்லை, சண்டை போட்டும் பயனில்லை. பையின் அளவு பற்றிய பேச்சை நீங்கள் வீட்டில் டேப் வைத்து முடித்திருக்க வேண்டும். சக்கரம், கைப்பிடி, வெளிப்பக்கம் உப்பிய ஜிப் எல்லாம் அளவில் சேரும். கடையில் "கேபின் சைஸ்" என்று எழுதியிருப்பதை நம்பவே நம்பாதீர்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு அளவு, அதுவும் மாறிக்கொண்டே இருக்கும். ரையன்ஏர் இலவசப் பையின் அளவை 2025இல்தான் 40, 30, 20 சென்டிமீட்டராகப் பெரிதாக்கியது. சக்கரம் இல்லாத மெத்தென்ற துணிப்பையாக இருந்தால் அந்தச் சட்டத்துக்குள் அமுக்கி நுழைத்துவிடலாம். கட்டியான பெட்டியில் அந்த வேலை நடக்காது.

கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால், சக்கரம் வெளியே நீட்டியிருந்தது. அப்படியானால் கிடைப்பது கடினம் என்றுதான் சொல்வேன். பை அளவுக்குள் இருந்தும் வாங்கியிருந்தால் கதை வேறு. அந்த நேரத்தில் பை அளவுச் சட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று எடுத்து, ரசீதோடு எழுத்தில் புகார் அனுப்பினால் பலன் கிடைக்க வாய்ப்பு உண்டு. ஐரோப்பாவில் பறந்திருந்தால் இன்னொரு வாசல் இருக்கிறது. 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் ஒரு வழக்கில், சரக்குப் பைக்குத் தனிக் கட்டணம் வைக்கலாம், ஆனால் நியாயமான அளவும் எடையும் கொண்ட கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்றது. நியாயமான அளவு எது என்று மட்டும் சென்டிமீட்டரில் சொல்லவில்லை, சண்டை இன்றுவரை அங்கேதான் நிற்கிறது. 2024 நவம்பரில் ஸ்பெயின் நாட்டு நுகர்வோர் அமைச்சகம் ஐந்து நிறுவனங்களுக்குச் சேர்த்து 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது. கைப்பைக் கட்டணம் ஒரு குற்றச்சாட்டு. குழந்தை போன்ற சார்ந்திருப்பவர் பக்கத்தில் உட்காரப் பணம் கேட்டது இன்னொன்று. நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின.

இந்த இடத்தில் உங்கள் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைக் கட்டணத்துக்குக்கூட நான் வக்காலத்து வாங்குவேன். குழந்தையைப் பிரித்து உட்கார வைத்துவிட்டுச் சேர்த்து வைக்கக் காசு கேட்பதற்கு வாங்க மாட்டேன். பை கொண்டுவந்தால் எரிபொருள் செலவு, தூக்கும் செலவு. நான்கு பேரைச் சேர்த்து உட்கார வைத்தால் நிறுவனத்துக்கு என்ன செலவு? ஒன்றுமில்லை. இந்தக் கட்டணத்துக்கு விலை வருவதே பிரித்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான். 2018இல் பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஓர் ஆய்வு வெளியிட்டது. குழுவாகப் போய்ச் சீட்டுக்குப் பணம் கட்டாதவர்களில் பிரிக்கப்படும் விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் வெகுவாக மாறியது, ரையன்ஏரில் அது 35 சதவீதம். மேலே சொன்ன செனட் அறிக்கையின்படி அமெரிக்காவின் ஐந்து நிறுவனங்கள் 2018 முதல் 2023 வரை சீட் தேர்வுக் கட்டணமாக மட்டும் 1,240 கோடி டாலர் வாங்கியிருக்கின்றன. குழந்தையைக் குறைந்தது ஒரு பெரியவர் அருகில் உட்கார வைக்கும் கொள்கை பல நிறுவனங்களில் இருக்கிறது. சிலவற்றில் பெரியவர் ஒருவர் சீட்டுக்குக் கட்டினால் குழந்தைகளுக்குப் பக்கத்துச் சீட் இலவசம். டிக்கெட் போடும் முன் அந்த ஒரு பத்தியைத் தேடிப் படியுங்கள். கணவனும் மனைவியும் ஒரு மணி நேரம் தனித்தனியாக உட்காரலாம், ஒன்றும் ஆகிவிடாது, காசும் மிச்சம். ஆளுக்கொரு குழந்தை பக்கத்தில் இருந்தால் போதும்.

செக்-இன் கட்டணம் இன்னொரு பொறி. 2023இல் வயதான தம்பதி ஒருவர் இணையத்தில் தவறான பயணத்துக்கு செக்-இன் செய்துவிட்டு விமான நிலையத்தில் வந்து நின்றபோது, அங்கே செக்-இன் செய்துகொடுக்க ரையன்ஏர் ஆளுக்கு 55 பவுண்டு வீதம் 110 பவுண்டு வாங்கியது பெரிய செய்தியானது. 2025 நவம்பரிலிருந்து அந்த நிறுவனம் காகித போர்டிங் பாஸையே விட்டுவிட்டு முழுக்கச் செல்போனுக்கு மாறிவிட்டது. சீட்டுக்குப் பணம் கட்டாதவருக்கு அங்கே செக்-இன் கடைசி 24 மணி நேரத்தில்தான் திறக்கும். அதுவும் தற்செயல் அல்ல. ஆக, போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், போர்டிங் பாஸை முன்கூட்டியே போனில் இறக்கி வையுங்கள், போனுக்குச் சார்ஜ் இருக்கட்டும். இடைத்தரகர் தளத்தில் டிக்கெட் போட்டால் நிறுவனம் அனுப்பும் மின்னஞ்சல் உங்களுக்கு வராமல் போகலாம். முடிந்தவரை நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே போடுங்கள். அதில் பிரச்சினை வந்தால் யாரிடம் பேசுவது என்று கேட்காதீர்கள். 2022 நவம்பரில் ஃபிரான்டியர் தொலைபேசி வாடிக்கையாளர் சேவையையே மூடிவிட்டது!

பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்ன விஷயம். "உங்கள் நாட்டு நாணயத்திலேயே கட்டுங்கள்" என்று ஒரு வசதி போலக் காட்டுவார்கள். அந்த மாற்று விகிதத்தை வைப்பது அவர்கள். டிக்கெட் எந்த நாணயத்தில் இருக்கிறதோ அதிலேயே கட்டினால் பெரும்பாலும் உங்கள் கார்டு தரும் விகிதம் மேல். காப்பீடு, வாடகைக் கார் போன்றவற்றை முன்கூட்டியே டிக் செய்து வைப்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி கூடாது. மற்ற இடங்களில் ஒவ்வொரு பெட்டியையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நான் விடமாட்டேன், ஆனால் ஒப்பிடும் முறையை மாற்றுவேன். முதலில் வரும் விலையை ஒதுக்கிவிட்டு, நான்கு பேருக்கும் டிக்கெட், தேவையான பை, குழந்தைக்குப் பக்கத்துச் சீட், விமான நிலையத்துக்குப் போகவர ஆகும் செலவு எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். இந்தக் கடைசிச் செலவைப் பலர் மறந்துவிடுவார்கள். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் என்று பெயர் வைத்த விமான நிலையம் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். பாரிஸ் போவே என்பது பாரிஸிலிருந்து 80 கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் கூட்டுத்தொகையை வழக்கமான நிறுவனத்தின் விலையோடு வைத்துப் பாருங்கள். ஒரு முதுகுப்பையோடு தனியாகப் போகிறவருக்குப் பெரும்பாலும் மலிவு விமானம்தான் ஜெயிக்கும். இரண்டு பெரிய பெட்டியோடு போகும் குடும்பத்துக்குப் பல நேரம் தோற்றுவிடும். ஆளுக்கு ஒரு பை என்று யோசிக்காமல், நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே பெரிய பையை டிக்கெட் போடும்போதே வாங்கிவிட்டால் கணக்கு மாறவும் கூடும். இன்னொரு விமானத்தைப் பிடிக்க வேண்டியிருந்து, இரண்டும் தனித்தனி டிக்கெட் என்றால் மட்டும் நான் மலிவு விமானத்தைத் தவிர்ப்பேன். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அந்த நஷ்டம் முழுக்க உங்களுடையது.

டிக்கெட் மலிவு என்பதற்காக உரிமை மலிவாகிவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய விதி 261இன் கீழ் விமானம் போதிய முன்னறிவிப்பின்றி ரத்தானாலோ வெகுவாகத் தாமதமானாலோ, தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு உண்டு. நீங்கள் பத்து யூரோ டிக்கெட்டில் வந்தீர்களா என்று அந்த விதி பார்ப்பதில்லை. காரணம் நிறுவனத்தின் கையில் இருந்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பல நாடுகளில் இதுபோன்ற விதிகள் உண்டு, நீங்கள் கிளம்பும் நாட்டின் விதியை ஒருமுறை படித்துவையுங்கள். மறுபடியும் எப்போதாவது கேட்டில் பையைப் பறிகொடுக்க நேர்ந்தால், கீழே அனுப்புவதற்கு முன் மருந்து, பாஸ்போர்ட், பவர் பேங்க் மூன்றையும் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் சரக்குப் பகுதிக்குப் போகவே கூடாது.

கடைசியாக அம்மா. சக்கர நாற்காலிக்குக் காசு கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் அமெரிக்காவின் விமானப் பயண அணுகல் சட்டமும் இதில் தெளிவாக இருக்கின்றன. உதவி இலவசம். அம்மா சொந்த நாற்காலியோ நடைச்சட்டமோ கொண்டுவந்தால் அதையும் காசு வாங்காமல் ஏற்ற வேண்டும், பைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இதற்காகவும் ஒருவர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. விமான நிலையத்தில் சக்கர நாற்காலிக்காக ரையன்ஏர் தன்னிடம் 18 பவுண்டு வாங்கியது தவறு என்று பிரிட்டனில் ஒருவர் வழக்குப் போட்டு, 2004இல் ஜெயித்தார். தீர்ப்பு வந்ததும் அந்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? "சக்கர நாற்காலி வரி" என்று எல்லோர் டிக்கெட்டிலும் அரை பவுண்டு ஏற்றியது. நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டிக்கெட் போடும்போதே உதவி வேண்டும் என்ற பகுதியை நிரப்புங்கள், குறைந்தபட்சம் 48 மணி நேரத்துக்கு முன்னதாகவாவது தெரிவித்துவிடுங்கள். பதிலாக வரும் மின்னஞ்சலைப் போனில் சேமித்து வையுங்கள். அன்றைக்குச் செக்-இன் நேரம் தொடங்கும்போதே போய்விடுங்கள், ஏனென்றால் நாற்காலி இலவசம் என்றாலும் அதைத் தள்ளும் ஆட்கள் குறைவு, வரிசையில் முதலில் நிற்பவருக்குத்தான் முதலில் வருவார்கள்.